உதிர்ந்த இமை முடி மீண்டும் வளருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கையின் திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு, தியாகராய நகர்ப் பக்கம் ஓர் அழகு நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்து ஐலாஷ் எக்ஸ்டென்ஷன், அதாவது இமை முடிமேல் ஒவ்வொன்றாகப் பசையிட்டு ஒட்டும் செயற்கை முடி, ஒட்டிக்கொண்டேன். முகூர்த்தப் படங்கள் நன்றாகவே வந்தன. மறுமாதம் கண்ணாடியில் பார்த்தபோது, இடக் கண்ணின் மேலிமையில், வெளிக்கோடியில், ஓர் உளுந்தின் அகலத்துக்கு முடியே இல்லை. அடுத்த ஐந்து மாதங்களில் நான் தெரிந்துகொண்டவற்றையும், பிறகு உறவினரும் அலுவலகத் தோழிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. கண் மருத்துவரிடம் போயே ஆக வேண்டிய நிலைமைகளை அந்தந்த இடத்தில் குறிப்பிட்டிருக்கிறேன்.

முடி வேரோடு வந்துவிட்டது. இனி வளருமா?

பெரும்பாலும் வளரும். உதிர்ந்த முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால், அதன் ஒரு முனையில் கடுகில் பத்தில் ஒரு பங்கு அளவில் வெண்ணிறக் குமிழ் ஒன்று தெரியும். அதைத்தான் எல்லோரும் வேர் என்று எண்ணிப் பதறுகிறார்கள். உண்மையில் அது, வளர்ச்சி முடிந்து ஓய்வுக்குப் போன முடியின் அடிமுனை மட்டுமே. முடியை உண்டாக்கும் மயிர்க்கால் இமைத் தோலுக்குள் அப்படியேதான் இருக்கிறது. அது பிழைத்திருக்கும் வரை அடுத்த முடியை அனுப்பும்.

மயிர்க்காலே தழும்பாகிப் போனால்தான் முடி திரும்பி வராது. தீக்காயம், ரசாயனம் பட்ட புண், ஆண்டுக்கணக்கில் நீடித்த இமை அழற்சி, ஒரே இடத்திலிருந்து பல ஆண்டுகளாகப் பிடுங்கப்படுதல் ஆகியவை அப்படிச் செய்யக்கூடியவை. ஒரு மாதம் எக்ஸ்டென்ஷன் வைத்திருந்ததால் அந்த நிலைக்குப் போவது அரிது. அதையே இரண்டு மூன்று ஆண்டுகள், உதிர உதிர மறுபடி ஒட்டி, இடைவிடாமல் நிரப்பிக்கொண்டே இருந்தவர்களுக்கு இந்த உறுதியை நான் தரமாட்டேன்.

எத்தனை நாள் ஆகும்?

இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்காததால்தான் மக்கள் மூன்றாவது வாரத்திலேயே பொறுமை இழந்து, கண்டதையெல்லாம் கண்ணில் தடவத் தொடங்குகிறார்கள். மேலிமையில் ஏறத்தாழ 90 முதல் 160 முடிகளும், கீழிமையில் 75 முதல் 80 முடிகளும் உண்டு. மேலிமை முடி 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை நீளும். ஒரு நாளைக்கு அது வளர்வது 0.12 முதல் 0.14 மில்லிமீட்டர் மட்டுமே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 மில்லிமீட்டர் நீளத்தை எட்ட ஏறக்குறைய பதினோரு வாரம் ஆகும்.

அதுவும், மயிர்க்கால் இன்றே வேலையைத் தொடங்கினால்தான். தலைமுடியைப் போலவே இமை முடிக்கும் வளரும் பருவம், சுருங்கும் பருவம், ஓய்வுப் பருவம் என மூன்று நிலைகள் உண்டு. தலைமுடி ஆண்டுக்கணக்கில் வளரும் பருவத்தில் இருக்க, இமை முடிக்கு அது சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. இமை முடி இடுப்பு வரை தொங்காமல் இருப்பதற்கும் அதுவே காரணம். ஓய்வுப் பருவமோ மாதக்கணக்கில் நீளக்கூடியது. எனவே ஓய்விலிருக்கும் மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாக விழித்து, இடைவெளி முழுவதும் நிரம்ப மூன்று முதல் ஆறு மாதம் என்று மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு ஏழாவது வாரத்தில்தான், காலை வெயிலில் பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் தெரியும்படி, நான்கு குட்டி முடிகள் முளைத்திருந்தன. தினமும் கண்ணாடியில் தேடுவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஜன்னலருகில், ஒரே கோணத்தில் கைப்பேசியில் படம் எடுத்து ஒப்பிட்டால் மாற்றம் தெரியும்; தேடல் பைத்தியமும் குறையும்.

நாளொன்றுக்கு ஓரிரு முடி முதல் நான்கைந்து வரை உதிர்வது இயல்பு. சிறுவயதில் அவற்றைப் புறங்கையில் வைத்து, வேண்டிக்கொண்டு ஊதினோமே, அந்தக் கணக்குக்குள் வருபவைதாம் இவை.

எக்ஸ்டென்ஷன் வைத்தால் சொந்த முடி ஏன் கொட்டுகிறது?

முதல் காரணம் இழுவிசை. ஒரு சொந்த முடிமேல் ஒரே ஒரு செயற்கை முடி, அதுவும் அதன் எடையைத் தாங்கக்கூடிய அளவில், ஒட்டப்பட வேண்டும். அவசரத்தில் ஒட்டும்போது அடுத்தடுத்த இரண்டு மூன்று சொந்த முடிகள் ஒரே பசைத்துளியில் சேர்ந்துவிடுகின்றன. ஒன்று வளரும் பருவத்திலும் பக்கத்து முடி உதிரும் பருவத்திலும் இருந்தால், வளர்வது நகர நகர மற்றதை இழுக்கிறது. உதிர்வது போகும்போது வளர்வதையும் கூட்டிக்கொண்டு போகிறது. இறுக்கிக் கொண்டை போடுபவர்களுக்கு நெற்றியோர முடி மெலிவதும் இதே வகை இழுவிசை உதிர்வுதான்.

இரண்டாவது, பசை. இந்தப் பசைகள் பெரும்பாலும் சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்தவை. இவை காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகின்றன. நம் கடற்கரை நகரத்து ஈரப்பதத்தில், குளிர்சாதனம் சரியாக இயங்காத அறையில், முடியைச் சரியாகப் பிரித்து வைப்பதற்குள் பசை இறுகிவிடும். சிலருக்கு இந்தப் பசையே ஒவ்வாமையை உண்டாக்கி இமையைச் சிவந்து வீங்கச் செய்கிறது. முதல்முறை ஒன்றும் ஆகாமல், மூன்றாவது நான்காவது முறை ஒவ்வாமை தோன்றுவதும் உண்டு.

மூன்றாவது காரணம் யாரும் சொல்லாதது: ஒட்டிய முடி போய்விடுமே என்ற பயத்தில் இமையைக் கழுவாமலே விட்டுவிடுகிறோம். வியர்வை, எண்ணெய், தூசி எல்லாம் முடியின் அடியில் சேர்ந்து இமையோரம் அழற்சியாகி, அந்த அழற்சியே முடியை உதிர்க்கிறது. அக்னி நட்சத்திரத்தில் மாநகரப் பேருந்தில் போய்வந்து, கண்ணைக் கழுவாமல் படுத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பாதி எக்ஸ்டென்ஷன் இன்னும் ஒட்டியிருக்கிறது. நானே எடுத்துவிடலாமா?

எடுக்காதீர்கள். நகத்தால் பிய்க்கும்போது வருவது சொந்த முடியும்தான். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. எண்ணெய் தடவினால் பசை கரைந்துவிடும் என்பதும் முழு உண்மையல்ல. இறுகிப்போன சயனோஅக்ரிலேட்டை எண்ணெய் கரைப்பதில்லை, விளிம்பைத் தளர்த்த ஓரளவு உதவலாம், அவ்வளவே. ஒட்டியவரிடமோ, கை நிதானமுள்ள வேறொருவரிடமோ சென்று, அதற்குரிய நீக்கி ஜெல் கொண்டு எடுப்பதுதான் சரி. இமை வீங்கியோ, வலித்தோ, பார்வை மங்கியோ இருந்தால் அழகு நிலையத்துக்குப் போகாமல் நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

விளக்கெண்ணெய் தடவினால் இமை முடி வளரும் என்கிறார்களே?

என் பாட்டி அதைத்தான் முதலில் சொன்னார். நான் தடவவும் செய்தேன். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: ஆமணக்கு எண்ணெய் இமை முடியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. ஏழாவது வாரத்தில் முளைத்த நான்கு முடிகளுக்கான பெருமையை எண்ணெய் எடுத்துக்கொண்டது. மயிர்க்கால் தன் கணக்குப்படி எப்படியும் அனுப்பியிருக்கக்கூடிய முடிகள் அவை. எண்ணெய் செய்வது வேறொரு வேலை. இருக்கும் முடியின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, அது வறண்டு ஒடிவதைக் குறைக்கிறது. பளபளப்பால் முடி அடர்த்தியாகவும் தெரிகிறது. அதுவும் ஒரு பயன்தான், வளர்ச்சி என்று அதைச் சொல்ல முடியாது என்பதுதான் விஷயம்.

தடவ விரும்புவோர் எந்த எண்ணெய் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். கோயில் வாசல் கடைகளில் கிடைக்கும் தீப எண்ணெய் பல எண்ணெய்களின் கலவை. மணத்துக்கும் நிறத்துக்கும் என்னென்னவோ சேர்ந்திருக்கும், அது விளக்குக்கு மட்டும்தான். மருந்துக் கடையில் விற்கும், வாசனை சேர்க்காத சுத்தமான விளக்கெண்ணெயை முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். அரிப்பு இல்லையென்றால், இரவில், கழுவிய இமையில், சுத்தமான மஸ்காரா தூரிகையைத் தோய்த்து, புட்டியின் வாயிலேயே நன்றாக வழித்துவிட்டு, முடியின் நடுப்பகுதியிலிருந்து நுனி வரை மட்டும் தடவினால் போதும். இமையின் ஓரத்தில் அப்பினால் அங்குள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அடைபடலாம். கண்ணுக்குள் போனால் பார்வை சற்று நேரம் மங்கும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றிய பிறகே தடவ வேண்டும். தூரிகையை வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்துங்கள்.

வீட்டில் செய்த கண்மை முடிக்கு நல்லதா?

கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்து, அதைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த பித்தளைத் தட்டில் படியும் கரியை வழித்து மை கூட்டுவது நம் வீடுகளில் நெடுநாளாக இருந்த வழக்கம். அதன் அழகைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதில் இருப்பது புகைக்கரியும் எண்ணெயும்தான்; அவற்றில் முடி வளர்க்கும் சக்தி இல்லை. முடி உதிர்ந்து இமை புண்பட்டிருக்கும் காலத்தில், மை விரலைக் கண்ணோரத்தில் தேய்ப்பதே கூடுதல் உராய்வு. சில மாதம் நிறுத்தி வைக்கலாம். கடைகளில் பெயரில்லாமல் விற்கும் சுர்மா வகைகளில் ஈயச் சேர்மம் இருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளதால், அவற்றைக் குழந்தைகளுக்கு ஒருபோதும் இடக்கூடாது.

இமையை எப்படிக் கழுவ வேண்டும்?

இமை முடி பராமரிப்பில் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரமிருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். கைகளைக் கழுவிவிட்டு, சுத்தமான பருத்தித் துணியை, கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். ஆறியதும் மீண்டும் நனைத்துக்கொள்ளுங்கள். இமையோரச் சுரப்பிகளில் உறைந்திருக்கும் எண்ணெய் இளகும். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் இமை துடைப்பான் கொண்டோ, மருத்துவர் சொன்ன கழுவியைக் கொண்டோ, முடியின் அடியை மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கம் நோக்கி மெதுவாக வழித்துத் துடைக்க வேண்டும். பேபி ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து பயன்படுத்தச் சொல்வது பழைய வழக்கம். கண்ணீர்ப் படலத்துக்கு அது அவ்வளவு நல்லதல்ல என்று இப்போது பலர் இமைக்கென்றே உள்ள பொருள்களைப் பரிந்துரைக்கின்றனர்.

முடியின் அடியில் பொடுகு போன்ற செதிள் இருந்தால் அது இமையோர அழற்சி. ஒவ்வொரு முடியின் அடியையும் சுற்றி, கண்ணாடிக் குழாய்போல் ஒரு சிறிய வளையம் படிந்திருந்தால், டெமோடெக்ஸ் என்ற நுண்ணுண்ணியின் வேலையாக இருக்கலாம். வயது ஏற ஏற இந்த உண்ணி இல்லாத இமைகளே குறைவு. எண்ணிக்கை பெருகும்போதுதான் அரிப்பும் உதிர்வும். இதற்குத் தேயிலை மர எண்ணெய் நல்லது என்று படித்துவிட்டு, நீர்க்காத எண்ணெயை நேரே கண்ணில் வைத்துக்கொண்டு துடித்தவர்கள் உண்டு. இதற்கான மருந்தை மருத்துவர் தரட்டும்.

கண்கட்டி வந்தாலும் இதே வெந்நீர் ஒத்தடம்தான். உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக்கி ஒற்றுவது ஒரு வகை ஒத்தடம்தான் என்றாலும், விரல் சுத்தமாக இருக்க வேண்டும். நாமக்கட்டி குழைத்துப் பூசுவதைத் தவிர்க்கலாம். காய்ந்து உதிரும் துகள் கண்ணுக்குள் போகிறது.

மஸ்காராவும் கர்லரும்?

முடி வளரும் வரை தண்ணீரில் அழியாத மஸ்காரா வேண்டாம். அதை நீக்கத் தேய்க்கும் தேய்ப்பில்தான் முடி போகிறது. எந்த மஸ்காராவையும் திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள். முடியை வளைத்துவிடும் கர்லரை மஸ்காராவுக்கு முன்பு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

சீரம் வாங்கலாமா? கண் சொட்டு மருந்தே இமையை வளர்க்கிறதாமே?

கேள்விப்பட்டது உண்மை. குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோய்க்கு பிமட்டோபிராஸ்ட் சொட்டு மருந்து போட்டுக்கொண்டவர்களுக்கு இமை முடி நீண்டு, கருத்து, அடர்ந்தது. அந்தப் பக்க விளைவே பிறகு பயனாக மாறியது. இமை முடிக் குறைவுக்கென்று 0.03 சதவீத பிமட்டோபிராஸ்ட்டுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008 டிசம்பரில் அனுமதி அளித்தது. இரவில் ஒருமுறை, மேலிமையின் ஓரத்தில் மட்டும், தனித் தூரிகையால் தடவ வேண்டும். முழுப் பலன் தெரியப் பதினாறு வாரம் ஆகும். நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் முடி பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இனி மறுபக்கம். கண் சிவத்தல், அரிப்பு ஆகியவை சாதாரணம். இமைத் தோல் கருமையடையலாம். மாநிறத்தவரான நமக்கு அது கருவளையமாகவே தெரியும், நிறுத்தினால் பொதுவாகக் குறையும். கண்மணியைச் சுற்றியுள்ள வண்ண வளையத்தின் நிறம் அடர்ந்தால் அது மாறாமல் இருந்துவிடக்கூடும். நீண்ட நாள் பயன்படுத்துவோரில் சிலருக்குக் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பு குறைந்து கண் குழி விழுந்தாற்போல் ஆவதும் உண்டு. நம் ஊரில் இது கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்தாகக் கிடைப்பதால், தோழி ஒருத்தி சொன்னாள் என்று புட்டியை வாங்கிவந்து தடவுகிறார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் இதைத் தொடாதீர்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஏற்கெனவே கண் நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இணையத்தில் விற்கும் ‘இயற்கை’ சீரங்களின் பெட்டியைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். ஐசோபுரோப்பைல் குளோபுரோஸ்டினேட் போல, பெயருக்குள் ‘புரோஸ்ட்’ என்ற ஓசை வந்தால், அது இதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். பெப்டைடு, பேந்தெனால் மட்டும் உள்ளவை முடிக்கு ஈரம் தரும். அதற்குமேல் எதிர்பார்த்து இரண்டாயிரம் ரூபாய் கொடுப்பது உங்கள் விருப்பம்.

பயோட்டின் மாத்திரை?

பயோட்டின் என்பது ஒரு பி வகை வைட்டமின். அதன் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் இமை முடி வளரும் என்று சொல்ல ஆதாரம் போதாது. மேலும், அதிக அளவு பயோட்டின் தைராய்டு உள்ளிட்ட ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டக்கூடியது. முடி கொட்டுகிறதே என்று தைராய்டு சோதனைக்குப் போகிறவரே பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டிருப்பது வேடிக்கையான முரண். ரத்தம் கொடுக்கும் முன் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவு நம் பெண்களிடம் மிகப் பரவலாக இருப்பதால், பயோட்டினுக்குச் செலவழிப்பதற்கு முன் ஹீமோகுளோபினைப் பார்ப்பது மேல். முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை ஆகியவற்றை வழக்கமாகச் சாப்பிடலாம். வைட்டமின் ஏ மாத்திரையை அளவுக்கு மீறி எடுத்தால் முடி கொட்டவே செய்யும்.

கற்றாழை, வெங்காயச் சாறு, வாஸ்லைன்?

வெங்காயமும் பூண்டும் கண்ணருகே வேண்டவே வேண்டாம். கற்றாழையை வெட்டியவுடன் வடியும் மஞ்சள் பால் தோலை எரிக்கும். வாஸ்லைன் முடி ஒடிவதைத் தடுக்கும் அளவில் சரி, எண்ணெயைப் போலவே.

நுனியை வெட்டிவிட்டால் நீளமாக வளருமாமே?

வளராது. வெட்டுப்பட்டது மயிர்க்காலுக்குத் தெரியாது. கத்தரி நழுவினால் கண்ணுக்குத்தான் ஆபத்து.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இமையில் வலியில்லாத ஒரு சிறு கட்டி, அதன்மேல் மட்டும் முடி இல்லை, கண்கட்டி என்று நினைத்து மருந்து போட்டும் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வருகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இமைச் சுரப்பிப் புற்றுநோய் அப்படித்தான் சாதுவாக வேடமிட்டு வரும். புருவத்தின் வெளிப்பகுதியும் மெலிந்து, உடல் சோர்வும் எடை கூடலும் சேர்ந்தால் தைராய்டைச் சந்தேகிக்கலாம். புருவமும் இமையும் சேர்ந்து உதிர, தோலில் எங்காவது உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொழுநோயை இன்று மாத்திரையாலேயே முழுமையாகக் குணப்படுத்துகிறார்கள், வெட்கத்துக்கு இடமில்லை. தலையிலும் வட்டமாக முடி கொட்டியிருந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். புதிதாக முளைக்கும் முடி உள்நோக்கித் திரும்பிக் கருவிழியில் உரசினாலும் போக வேண்டும்.

சென்னையில் இருப்பவர்கள் பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இயங்கிவருகிறது. மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று நம் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

என் மகள் பாடம் படிக்கும்போது இமை முடியைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறாள். அடித்தும் பார்த்துவிட்டேன்.

அடிக்காதீர்கள். அது பிடிவாதமல்ல, மனப் பதற்றத்தோடு தொடர்புடைய, தன்னையறியாமலே நடக்கும் பழக்கம். அதற்கென்று பழக்க மாற்றுப் பயிற்சி உண்டு, குழந்தைகள் மனநல மருத்துவர் வழிகாட்டுவார். கையில் ஒரு மென்பந்தைக் கொடுத்துப் படிக்க வைப்பது உடனடி உதவி.

மார்கழியில் எனக்கு நடன நிகழ்ச்சி இருக்கிறது. முடி இன்னும் முழுதாக வளரவில்லை. என்ன செய்வது?

பரதநாட்டியக் கண் ஒப்பனை இமை முடியை நம்பியது அல்ல, மைக்கோட்டை நம்பியது. வெளிக்கோடியில் நீட்டி வரையும் கோடே இடைவெளியை மறைத்துவிடும். ஒட்டுமுடி வேண்டியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொன்றாக ஒட்டும் எக்ஸ்டென்ஷனைத் தவிர்த்து, ஒரே பட்டையாக ஒட்டி அன்றிரவே கழற்றும் பட்டை முடியைத் தேர்ந்தெடுங்கள். பசையை இமை முடிமேல் படாமல் தோல்மேல் மட்டும் படும்படி வையுங்கள். காதின் பின்புறம் முந்தைய நாளே தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்து, சலங்கையைக் கழற்றும் அவசரத்தோடே பட்டையையும் உரித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்யாமல், எண்ணெய் கலந்த ஒப்பனை நீக்கியில் பஞ்சை நனைத்து, மூடிய கண்மேல் முப்பது நொடி வைத்து, பசை இளகிய பின் வெளிக்கோடியிலிருந்து மெதுவாக எடுங்கள். வராத இடத்தில் இழுக்காமல், பஞ்சை இன்னொரு முப்பது நொடி வையுங்கள்.